தட்டிச் சுவரில் திறந்த வழி

தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கத்து அறையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. ஒருமுறை. சற்று விட்டு மறுமுறை. பிறகு தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருவதுபோலத் தொடர்ந்து நாலைந்து முறை.

"இருமட்டும், இருமட்டும்," என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள் கிருஷ்ணம்மா. "வேணும்னே இருமுறா. என் வூட்ல புகை போட்டா இவளுக்கு இன்னா நோவுது?"

அவள் மடியில் மூன்று மாதப் பெண் குழந்தை கிடந்தது. எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டிய உடம்பு. தலைமயிரில் ஈரம் இன்னும் காயவில்லை. எதிரே மண்சட்டியில் நெருப்பு. நெருப்பின்மேல் சாம்பிராணி இல்லை. விரல் நீளத்துக்கு ஒடித்துப் போட்ட கன்னங்கரேலென்ற மூங்கில் பத்தைகள் கிடந்தன. அவை குமிழ் குமிழாகக் கொதித்து, உருகிச் சொட்டி, மஞ்சளும் கறுப்புமாகப் புகைந்துகொண்டிருந்தன. வாசற்கதவைச் சாத்தி, அடியில் கோணிச்சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தாள். ஜன்னல் என்று இருந்த ஒரே சந்திலும் பழந்துணி. புகை வீணாகப் போய்விடக் கூடாது அல்லவா!

அந்தப் புகைதான் தன் குழந்தையைக் காக்கப்போகிறது என்று அவள் நம்பினாள். பாவம், நம்பியதற்குக் காரணம் இருந்தது.

தங்கவயலைப் பிளேக் பயம் பிடித்து ஆட்டிய வருஷம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஊரிகத்து மேட்டில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மூன்றாவது லைனில் முதலில் எலிகள் செத்து விழுந்தன. அடுத்த வாரம் மனிதர்கள் விழுந்தார்கள். மிஞ்சியவர்களை வெளியே கூடாரங்களுக்கு அனுப்பிவிட்டு, அந்த லைனையே கொளுத்திவிடும்படி கம்பெனி உத்தரவு போட்டது. மூங்கில் தட்டிச் சுவர்கள், மழைக்கும் கரையானுக்கும் பயந்து அவற்றின்மேல் வருஷா வருஷம் பூசிய தார், தகரத்துக்கு அடியில் விரித்த தார்ச்சாக்கு, வர்ணம் அடித்த பலகைகள், எல்லாம் ஒரு பகல் முழுவதும் எரிந்து மறுநாள் காலைவரை புகைந்தன. காக்கை இறகைப் பிய்த்துத் தூவியதுபோலக் கறுப்புக் கரி அந்த வட்டாரமெங்கும் இறங்கியது. உலர்த்திய வேட்டியில் கரி, கஞ்சிப் பானையில் கரி. ஷிப்ட் முடிந்து, சுரங்கத்திலிருந்து கேஜ் என்ற கூண்டில் மேலே வந்தவர்கள், "கீழயே தேவலாம் போலக் கீதே!" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

ஜனங்களோ அந்தப் புகையைக் கண்டு ஓடவில்லை. அதைத் தேடிக்கொண்டு போனார்கள். பெண்கள் இடுப்பில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு புகை வரும் பக்கமாகப் போய் நின்றார்கள். நோயைக் கொளுத்துகிற நெருப்பு, அதன் புகை பட்டால் நோய் அண்டாது என்று பேச்சு. பாதி எரிந்த தார்ப் பத்தைகளை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

கிருஷ்ணம்மாவின் புருஷன் முனிரத்தினம் ஒரு பெரிய கட்டாகவே கொண்டுவந்தான். லைன் வீடுகளுக்குத் தார் பூசுவதே அவன் தொழில். நகக்கண்ணிலும் காது மடலிலும் தார் ஏறிய மனிதன். தாரின்மேல் அவனுக்கு ஒரு பக்தி.

"கரையானே கிட்ட வர்றதில்ல, கிஷ்ணம்மா," என்றான் அவன். "கரையான் இன்னா லேசுப்பட்டதா? அதுவே தார் வாடைக்கு ஓடுதுன்னா, இந்தப் பாழாப்போன நோவு எம்மாத்திரம்? குழந்தையக் குளிப்பாட்டுனா இத்தப் போடு. சாம்பிராணி எதுக்கு?"

அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள்.

சரி, சுவருக்கு அப்பால் இருமியவள் யார்? அவள் பெயர் ஐடா. கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அந்த வாரம் ராத்திரி முறை பார்த்துவிட்டு வந்து, காலையில் கண்ணை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரிகத்து லைன்களில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டவை. இவளுடைய பின்சுவர்தான் அவளுக்கும் பின்சுவர். வாசல்கள் மட்டும் வேறு வேறு தெருவைப் பார்த்திருக்கும். ஒரு வீட்டிலிருந்து மற்றதற்குப் போகவேண்டுமானால் பத்து வாசல் தாண்டி, லைன் முனையைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் பத்து வாசல் வரவேண்டும். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் படுத்துறங்கும் இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வருஷக்கணக்கில் வாழ்ந்துவிடலாம்.

இந்த இருவரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். பேச்சுவார்த்தை நின்று ஒன்பது மாதம்.

கிருஷ்ணம்மா ஆரணிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். தட்டிச் சுவர்களின் உட்பக்கத்துக்கு மண்ணும் சாணியும் குழைத்துப் பூசுவது அவள் வேலை. வெளியே புருஷன் தார் பூசுவான், உள்ளே இவள் மண் பூசுவாள். லைனில் பாதிச் சுவர்களில் அவள் உள்ளங்கை ரேகை இருந்தது. அத்தனை சுவர் பூசிய கைக்கு ஒரு தொட்டிலை நிரப்ப முடியவில்லை. முதல் பிள்ளை பிறந்தபோதே போயிற்று. இரண்டாவது பையன், எட்டு மாதம் வளர்ந்து, சிரித்து, உட்கார்ந்து, மார்கழிக் குளிரில் நெஞ்சு கட்டிக்கொண்டு கிடந்தான். அப்போது ஐடா லைனைச் சுற்றிக்கொண்டு வந்து, "கிஷ்ணம்மா, நெஞ்சு கட்டுன குழந்தைக்கு மூடுன ரூம்ல புகை போடாதம்மே. கதவத் தொற," என்று சொன்னாள். மூன்றாம் நாள் குழந்தை கண்ணை மூடிவிட்டது. துக்கம் கேட்க வந்த ஐடாவைப் பார்த்ததும் கிருஷ்ணம்மா எழுந்து நின்று, "வா! என் பிள்ளைய நானே கொன்னுட்டேன்னு சொல்லத்தானே வந்த? சொல்லிட்டுப் போ!" என்று அலறினாள். ஐடா அப்படியே திரும்பிப் போனாள். அன்று நின்ற பேச்சு அது.

இப்போது இந்த மூன்றாவது. இதையும் எமன் கேட்டால் தானும் கூடப் போய்விடுவது என்று கிருஷ்ணம்மா தீர்மானம் செய்து வைத்திருந்தாள்.

குழந்தை சற்று முன்வரை சிணுங்கிக்கொண்டிருந்தது. இப்போது அடங்கிவிட்டது. "பாத்தியா, என் ராசாத்தி தூங்கிட்டா," என்று அவள் சிரித்தாள். குளித்து, புகை காட்டினால் எந்தக் குழந்தையும் தூங்கத்தானே செய்யும்? அவளுக்கும் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. தலை பஞ்சாக இருந்தது.

"ஏ கிஷ்ணம்மா!"

ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். தட்டிக்கு அப்பாலிருந்து.

"ஏ கிஷ்ணம்மா! குழந்தை ஏன் சத்தம் காணோம்?"

"தூங்குது! உனுக்கு இன்னா வந்துது?"

"தூங்கற குழந்தைக்கு மூச்சு சத்தம் கேக்கும்டி! எனுக்கு இங்க படுத்தா தினம் கேக்கும். இப்பக் கேக்கல! குழந்தையப் பாரு!"

தினம் கேட்குமாம்! பேசாத ஒன்பது மாதத்தில், குழந்தை பிறந்த நாளிலிருந்து, அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டா படுத்திருந்தாள் இவள்? கிருஷ்ணம்மா திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். ஐயோ! குழந்தையின் உதடு நாவற்பழம்போல் கறுத்திருந்தது. கையைத் தூக்கினால் கை விழுந்தது. தலையைத் தூக்கினால் தலை விழுந்தது.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் மடங்கிவிட்டது. கதவு நான்கு முழத்தில்தான் இருந்தது. அந்த நான்கு முழம் அவளுக்குச் சுரங்கத்து ஆழமாக இருந்தது. கத்த வாயைத் திறந்தாள். புகைதான் உள்ளே போயிற்று. தவழ்ந்தாள். எந்தப் பக்கம் கதவு, எந்தப் பக்கம் சுவர் என்றே தெரியவில்லை.

அப்போது சுவரில் 'சதக்' என்று ஒரு சத்தம்.

அவள் கையால் மெழுகிய மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு கொடுவாளின் நுனி வெளியே வந்தது. வந்தது, போயிற்று, மறுபடியும் வந்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மூங்கில் பத்தைகள் படீர் படீரென்று முறிந்தன. சுற்றிக்கொண்டு ஓடிவர நேரமில்லை என்று ஐடாவுக்குத் தெரிந்திருந்தது. புகைக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்திலிருந்து, கீறல் விழுந்து ரத்தம் வடிய ஒரு கை நீண்டது.

"குழந்தையக் குடு! நீ வராட்டிப் போவுது, குழந்தையக் குடுறீ!"

எந்தக் கையை ஒன்பது மாதத்துக்கு முன் வாசலோடு விரட்டினாளோ, அந்தக் கையில் கிருஷ்ணம்மா தன் உயிரைத் தூக்கி வைத்தாள்.

பிறகு அவளும் அந்தப் பொந்துக்குள் தலையை நுழைத்து, தோளைத் தேய்த்துக்கொண்டு, ஒருவழியாக அந்தப் பக்கம் விழுந்தாள். ஐடாவின் வீட்டைத் தாண்டி, வாசலில், திறந்த காற்றில், ஐடா குழந்தையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். சேலை நுனியால் மூக்கைத் துடைத்தாள். தன் வாயைக் குழந்தையின் மூக்கோடும் வாயோடும் சேர்த்து வைத்து மெதுவாக ஊதினாள். ஒன்று. இரண்டு. குழந்தை அசையவில்லை. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. யாரோ, "போயிட்டுதும்மா, வுட்டுடு," என்றார்கள். ஐடா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுபடியும் ஊதினாள். கிருஷ்ணம்மா மண்ணில் விழுந்து, தனக்குத் தெரிந்த சாமிகளையும் ஐடாவின் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள்.

குழந்தை ஒரு தும்மல் தும்மியது!

தும்மலுக்குப் பின்னால் ஒரு விக்கல். விக்கலுக்குப் பின்னால் கீச்சென்று ஓர் அழுகை. தங்கவயலில் எத்தனையோ ஷிப்ட் சங்கு ஊதிக் கேட்டிருக்கிறாள் கிருஷ்ணம்மா. இப்படி ஓர் ஓசையை அவள் ஆயுளில் கேட்டதில்லை. ஓடிப்போய் ஐடாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! அக்கா! நான் பேசுன வாய்க்கு..."

"காலை வுடு. காத்து வர வழியில நிக்காத, தள்ளு," என்றாள் ஐடா. கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. "உன் சுவருல பாதிக்குமேல சாணிதான்டி. அதான் கத்தி லேசா எறங்குச்சு. நல்லா மண்ணு போட்டுப் பூசியிருந்தன்னா இன்னாத்துக்கு ஆவறது?"

அழுதுகொண்டிருந்த கூட்டம் சிரித்துவிட்டது.

யாரோ ஓடிப்போய் டிரெஸ்ஸர் பர்னபாஸைக் கூட்டிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டி, மருந்து கலந்து, டாக்டர் துரைக்கு அடுத்தபடியாக இருந்தவர். பிளேக் வந்தபின் வீடு வீடாகப் போய்ச் சோதிப்பதும் அவர் வேலை. நரைத்த மீசை, கறுப்புக் கோட்டு, கையில் தோல் பை. அவர் ஈரப்பஞ்சைத் திரியாகத் திரித்துக் குழந்தையின் மூக்கில் விட்டு எடுத்துக் காட்டினார். பஞ்சு மையில் தோய்த்ததுபோல் இருந்தது.

"இன்னாம்மா போட்ட?"

"தார்ப் பத்தை ஐயா. எரிஞ்ச லைன்லேந்து..."

"அட கடவுளே! பாரு, இந்தக் கரி கண்ணுக்குத் தெரியுது. மூக்குலயே நின்னுட்டுது. கண்ணுக்குத் தெரியாத கரி ஒண்ணு கீது, அதுதான் பொல்லாதது. மாவை வஸ்திரகாயம் பண்ணா மெலிசாத் துணிக்குக் கீழ விழுதில்ல, அப்படி. அது நெஞ்சாங்கூட்டு அடிவரைக்கும் போயி உக்காந்துக்கும். வீடு எரியற புகைன்னா மரம் மட்டுமா எரியுது? தாரு, சாக்கு, வர்ணம், எல்லாம் பொடியாகி அதுல வருது. பெரியவங்களே தாங்கமாட்டாங்க."

அவர் பையிலிருந்து குழாயை எடுத்துக் குழந்தையின் முதுகில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் சுருங்கியது.

"உள்ள கரகரன்னு கீது. பொழைச்சிட்டுதுன்னு இப்ப சொல்லமாட்டேன். ஒரு மழை, ஒரு குளிர் தாண்டணும். அதுவரைக்கும் புகை வாடையே படக் கூடாது. மாசியில வந்து கேக்கறேன். அப்ப சுத்தமா இருந்தா, இந்தக் குழந்தை உன்னுது."

சாயங்காலம் தார் வாளியோடு வந்த முனிரத்தினம், உடைந்த சுவரையும் அதற்கு அப்பால் குழந்தையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் பார்த்தான். நடந்ததைக் கேட்டதும் வாளியைத் தெருவில் வீசினான். "நானே கொண்டாந்து குடுத்தேனே! என் கையாலயே கொண்டாந்து குடுத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"வுடுங்க," என்றாள் கிருஷ்ணம்மா. "நீங்க கொண்டாந்தீங்க, நான் போட்டேன். அக்கா எடுத்தா. அந்த ஒண்ண மட்டும் ஞாபகம் வெச்சுக்கலாம்."

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. மறுவாரம் பர்னபாஸ் சோதனைக்கு வந்தவர், சுவரில் இருந்த பொந்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இத்த அடைக்கணும்மா. சுவருல ஓட்டை இருந்தா எலி போக வர வழின்னு ரூல் கீது. எழுதிக் குடுத்துட்டா ரெண்டு வூட்டையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. நாலு நாள் டைம் தரேன்."

சுவர் பூசுவது கிருஷ்ணம்மாவுக்கு ஒரு மணி நேர வேலை. மண்ணைக் கொண்டுவந்து குழைத்தும் வைத்தாள். பொந்தின்முன் உட்கார்ந்து கையில் ஓர் உருண்டை எடுத்தாள். கை எழவில்லை. வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து சுவர் பூசிய கை அது!

"இந்த வழியாத்தான் என் பொண்ணுக்கு உயிர் வந்துது," என்று விம்மினாள். "இத்த எப்படிங்க நான் அடைப்பேன்?"

அப்பாலிருந்து ஐடாவின் புருஷன் எட்மண்டின் குரல் வந்தது. அவன் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலைக்காரன். "ஏம்பா முனிரத்தினம், ஓட்டைன்னாத்தானே எலி வரும்? கதவுன்னா?"

இரண்டு ஆண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் உட்கார்ந்தார்கள். எட்மண்ட் இரண்டு முழ உயரத்துக்குச் சட்டம் அடித்தான். முனிரத்தினம் காலித் தார் டின்களைப் பிளந்து, தட்டித் தகடாக்கி, பலகையின்மேல் அறைந்தான். எலிப் பல் இறங்காது. கீழே இடைவெளி இல்லாமல் மரக்கட்டை பதித்தார்கள். நாலாம் நாள் வந்த பர்னபாஸ் குனிந்து, திறந்து, மூடி, தடியால் தட்டிப் பார்த்தார்.

"சுவருக்குள்ள கதவு வைக்கக் கூடாதுன்னு ரூல் ஒண்ணும் எனக்குத் தெரியல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கதவு அழகுக்கு இருக்கவில்லை. அதற்கு வேலை இருந்தது. கிருஷ்ணம்மா ஒரு வெள்ளைத் துணியை நனைத்துத் தன் வாசலில் தொங்கவிட்டாள். ஐடா தன் வாசலில் ஒன்று தொங்கவிட்டாள். எந்தத் துணியில் கரி படிகிறதோ அந்தத் தெருப் பக்கம் காற்று புகையைக் கொண்டுவருகிறது என்று அர்த்தம். உடனே குழந்தை கதவு வழியாக மறுபக்கத்துக்குப் போய்விடும். ஒரே நாளில் நாலு முறைகூடப் போய் வந்ததுண்டு. பாலுக்கு மட்டும் தாய் பின்னாலேயே தவழ்ந்து போவாள்.

"இன்னாடி, மாமியார் வூட்டுக்கும் தாய் வூட்டுக்கும் இப்பவே நடக்கறா உன் பொண்ணு!" என்பாள் ஐடா.

"உன் வூடு மாமியார் வூடா, தாய் வூடா? மொதல்ல அத்தச் சொல்லுக்கா!"

அடுப்பையும் கிருஷ்ணம்மா வெளியே தூக்கிவிட்டாள். மழையில் நனைந்த விறகோடு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, தெருவில் உட்கார்ந்து சமைத்தாள். எளிதில் பற்றுகிறதே என்று தார் பட்ட ஒரு சிம்பைக்கூடத் தொடவில்லை.

ஐப்பசியில் ஆறாவது லைனுக்கும் நெருப்பு வைத்தார்கள். மறுபடியும் அதே கறுப்பு மூட்டம். மறுபடியும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓட்டம். அன்று கிருஷ்ணம்மா குழந்தையை ஐடாவிடம் கொடுத்துவிட்டு, வாய்க்கும் மூக்குக்கும் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, போகிறவர்களை வழிமறித்து நின்றாள்.

"அங்க போவாதீங்க! புகை வராத பக்கமா வாங்க!"

"ஏம்மே, தார்க்காரன் பொண்டாட்டியே தாரை வேணாங்கறியே! புருஷன் சோறு போடல?" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். வெங்கடம்மா என்று பெயர்; இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை.

"போடறான். அந்தத் தாரை நான் என் பொண்ணுக்குப் போட்டேன். அவ செத்துப் பொழைச்சா," என்றாள் கிருஷ்ணம்மா. நடுத்தெருவில், அத்தனை பேர் முன்னால் சொன்னாள். "அதுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். அவனுக்கும் மூடுன ரூம்ல புகை போட்டேன். வேணாம்னு ஒருத்தி சொன்னா. அவளத் திட்டி அனுப்பிச்சேன். நீங்க என்னத் திட்டுங்க, பரவால்ல. அப்புறமாவது இந்தப் பக்கம் வாங்க."

யாரிடமும் சொல்லாமல், தன்னிடமே சொல்லிக்கொள்ளாமல், நெஞ்சுக்குள் பூசி மூடி வைத்திருந்த சொல் அது. சொன்னபின் அவளுக்கே மூச்சு இலேசாக இருந்தது. வெங்கடம்மா சிரிப்பை நிறுத்தினாள். இடுப்புப் பிள்ளையை மாற்றிப் போட்டுக்கொண்டு, புகை வராத பக்கமாக வந்து நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் இருவர். பிறகு ஐந்தாறு பேர். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. அன்றைக்கும் முந்தானையில் தார்ப் பத்தை கட்டிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள்.

மழை போயிற்று. மார்கழி வந்தது. தங்கவயல் குளிர் தட்டியைத் துளைத்துக்கொண்டு வரும். குழந்தைக்கு இரண்டு முறை நெஞ்சு கட்டியது. இரண்டு முறையும் இரு தாய்மாரும் முறை வைத்து மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐடா தோத்திரம் முணுமுணுப்பாள். கிருஷ்ணம்மா மஞ்சள் துணியில் காணிக்கைக் காசு முடிந்து வைப்பாள். எது முதலில் சாமியிடம் போய்ச் சேர்ந்ததோ, தை பிறந்தபோது குழந்தை கவிழ்ந்து, தவழ்ந்து, அந்தத் தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, இரண்டு கையாலும் டம் டம்மென்று தட்ட ஆரம்பித்துவிட்டது.

சொன்ன சொல் தவறாமல் பர்னபாஸ் மாசி மாதத்தில் வந்தார். காலை பத்து மணி வெயில். ஐடா வேலையிலிருந்து வந்த சேலையோடு கதவு வழியாகக் குனிந்து வந்து நின்றாள். முனிரத்தினம் அன்று பாதி நாள் லீவு.

டிரெஸ்ஸர் குழாயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, குழந்தையின் முதுகில் வைத்தார். வலது பக்கம் கேட்டார். இடது பக்கம் கேட்டார். மறுபடியும் வலது பக்கம். கிருஷ்ணம்மா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் பெற்று இழந்த இரண்டு பேரும் வந்து பக்கத்தில் நின்றதுபோல் இருந்தது.

குழந்தை திரும்பி, குழாயைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

"அடி போக்கிரி!" என்றார் பர்னபாஸ். "உள்ள ஒண்ணும் இல்ல. ஓடற தண்ணி மாதிரி சுத்தமா கீது. எடுத்துக்கோம்மா, உன் குழந்தைய."

கிருஷ்ணம்மா குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. வாங்கி, நேராக ஐடாவின் கையில் வைத்தாள். பிறகு தரையில் விழுந்து, முதலில் ஐடாவின் காலையும், அடுத்து டிரெஸ்ஸரின் பூட்ஸையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஐயோ, எழுந்திரும்மா! பூட்ஸெல்லாம் புழுதி!"

"இருக்கட்டும் ஐயா. உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட இன்னா கீது? கொஞ்சம் அவல் இடிச்சு வெச்சிருக்கேன். வேணாம்னு சொல்லாதீங்க."

அவர் அவல் பொட்டலத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஓரடி வைத்தவர், நின்று, திரும்பினார்.

"நான் அடுத்து சோதிக்க வேண்டிய வீடு அந்தத் தெருவுல. இருபது வாசல் சுத்திக்கினு போவணுமா? வயசாச்சு."

"இப்படியே போங்க ஐயா," என்று முனிரத்தினம் ஓடிப்போய்த் தகரக் கதவைத் திறந்தான்.

பர்னபாஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து, மெதுவாக அதற்குள் நுழைந்தார். "தலை, தலை! ஐயா, தலை!" என்று ஐடா குழந்தையோடு பின்னாலேயே போனாள். அந்தப் பக்கம் அவர் நிமிர்ந்து, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கும் பூட்ஸ் சத்தம் கேட்டது. குழந்தை ஐடாவின் தோள்மேலிருந்து கையை நீட்டி, வழக்கம்போலத் தகரக் கதவை ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது. கதவு சாத்திக்கொண்டது.